உப்பு ஏரிக்கரையில் குடியிருப்பது: மானிட்டூ பீச் அனுபவம்

ஏரியைப் பார்க்க ஜூலையில் வாருங்கள், வீட்டைப் பார்க்க ஜனவரியில் வாருங்கள். மானிட்டூ பீச்சில் வீடு கிடைக்குமா என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான். கேட்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை. சனிக்கிழமை சஸ்கடூனிலிருந்து வந்து, தண்ணீரில் மிதந்து, கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, "பேசாமல் இங்கேயே வந்துவிடலாம் போலிருக்கிறதே" என்ற கிறக்கத்தில் இருப்பவரிடம் மைனஸ் 35 டிகிரிக் குளிரைப் பற்றிப் பேசினால் எப்படிப் பிடிக்கும்? ஆனால் இங்கே இருப்பது இரண்டு ஊர்கள். கோடையில் ஒன்று, மிச்ச மாதங்களில் வேறொன்று. சுற்றுலா வருபவர்கள் முதல் ஊரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் சொந்த ஊர்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், சஸ்கடூனுக்குத் தென்கிழக்கே காரில் ஒன்றேகால் மணி நேரம் வந்தால் வாட்ரஸ் என்ற சிறு நகரம். அங்கிருந்து வடக்கே ஐந்து கிலோமீட்டரில் மானிட்டூ பீச். 2021 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 400ஐக்கூடத் தொடவில்லை. என் மனைவிக்கு வாட்ரஸில் நர்ஸ் வேலை கிடைத்ததால் இந்தப் பக்கம் வந்தோம். நான் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவன், இன்டர்நெட் இருந்தால் எந்த ஊரும் சரிதான் என்று கிளம்பிவிட்டேன்.

பிரெய்ரி என்றால் கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. கோதுமை, கனோலா, பருப்பு வயல்கள், நடுவே கோடு போட்ட மாதிரி நேரான சாலைகள். அப்படியே போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று சாலை கீழே இறங்கும், பள்ளத்தாக்கில் ஏரி தெரியும். கடைசிப் பனியுகம் முடிந்து பனிப்பாறைகள் உருகிய வெள்ளம் அறுத்துக்கொண்டு ஓடிய தடம் அது. லிட்டில் மானிட்டூ ஏரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளம், அகலம் மிகக் குறைவு, ஆழமும் அதிகமில்லை. மழை, பனி, நிலத்தடி ஊற்று எல்லாம் உள்ளே வருகிறது. வெளியே போக வழியில்லை. தண்ணீர் ஆவியாகிப் போகிறது, அது கொண்டுவந்த உப்புகள் தங்கிவிடுகின்றன. பல ஆயிரம் வருடம் இப்படியே நடந்ததில் மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், சல்பேட், குளோரைடு என்று சேர்ந்துபோய், கடல் நீரைவிட அடர்த்தியான தண்ணீராகிவிட்டது. சாக்கடல் அளவுக்கு இல்லை. ஆனால் ஒரு மனிதரை மிதக்கவைக்கத் தாராளமாகப் போதும். மழை கூடுதலாகப் பெய்த வருடங்களில் உப்பு கொஞ்சம் நீர்த்துப்போகும், வறண்ட வருடங்களில் கெட்டிப்படும். மீன் கிடையாது. உப்பிலும் வாழும் பொடி இறால் உண்டு, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி வெயிலில் பிடித்தால் சில நேரம் நெளிவது தெரியும்.

மிதப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மவர்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. "மூழ்கவே முடியாதாம்" என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுகிறார்கள். மல்லாந்து படுத்தால் மிதப்பது உண்மைதான். கால்விரல்கள் தானாக மேலே வந்து எட்டிப் பார்க்கும். சிக்கல் எழுந்து நிற்கும்போது. இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனால் கால் கீழே போகமாட்டேன் என்கிறது. பதற்றத்தில் புரண்டு குப்புற விழுந்தால் முகம் தண்ணீருக்குள்ளும் கால் மேலேயுமாக ஆகிவிடும். பெரியவர்களுக்கே இது நடக்கிறது. அதனால் இறங்கியவுடன் நிற்கப் பழகுங்கள். முழங்கால் இரண்டையும் நெஞ்சுப் பக்கம் மடக்கி, தலையையும் தோளையும் முன்னால் கொண்டுவந்து, கைகளால் தண்ணீரைத் துழாவினால் உடம்பு நிமிரும். அப்புறம் கால்களைக் கீழே நீட்டலாம். ஆழமில்லாத இடத்தில் இதை நாலைந்து தடவை செய்து பார்த்த பிறகு மிதங்கள். குழந்தைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். தண்ணீர் தாங்கும் என்பதால் யாரும் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை என்று ஆகிவிடாது.

மற்ற விஷயங்கள் அனுபவிப்பவர்களுக்குத் தெரியும். முதல் நாள் ஷேவ் செய்யாதீர்கள். கொசு கடித்துச் சொறிந்த இடம், செருப்புக் கடி, நகக்கண்ணில் கீறல் என்று உடம்பில் எங்கெல்லாம் காயம் இருக்கிறது என்று அந்தத் தண்ணீர் எண்ணிக் காட்டிவிடும். கண்ணில் பட்டால் கையால் தேய்க்கக் கூடாது, கையிலும் அதே உப்புதான். நல்ல தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கரையில் மூடி திறந்து வையுங்கள். வெள்ளிக் கொலுசு, மெட்டி, மோதிரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது, கறுத்துப்போகும். விழுங்கவே கூடாது. மக்னீசியம் சல்பேட் என்பது மருந்துக்கடையில் விற்கும் பேதி உப்புதான், ஒரு மடக்கு உள்ளே போனால் மாலை முழுவதும் அதன் வேலைதான். வெளியே வந்து உடம்பைக் கழுவாமல் காயவிட்டால் தோல் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்துக்கொள்ளும். மூட்டுவலி போகிறது, தோல் நோய் ஆறுகிறது என்று வருடாவருடம் வருபவர்கள் இருக்கிறார்கள். என் மாமியாருக்கு முழங்கால் வலி இரண்டு நாள் குறைந்தது, மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அவருக்கு அந்த இரண்டு நாளே பெரிய விஷயம்.

ஏரிக்குள் இறங்க ஜூலையும் ஆகஸ்டும்தான் சரி. மற்ற மாதங்களுக்கு அதே ஏரித் தண்ணீரைச் சூடாக்கி நிரப்பிய உள்ளரங்கக் குளம் ஒன்று ஊரில் இருக்கிறது. ஆனால் உப்புத் தண்ணீர் கான்கிரீட்டையும் இரும்பையும் சும்மா விடாது, அப்படிப்பட்ட கட்டடத்துக்கு மராமத்து வந்துகொண்டேதான் இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் ஒரு போன் போட்டு, திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இந்தத் தண்ணீருக்குப் பழைய பெயர் உண்டு. ஐரோப்பியர்கள் குடியேறும் முன்பே இங்கிருந்த முதற்குடி மக்கள் இதை மருந்து ஏரியாக மதித்தார்கள். பெரியம்மை கண்டு நடக்க முடியாமல் கரையில் விடப்பட்டவர்கள் ஏரித் தண்ணீரைக் குடித்து, அதில் கிடந்து பிழைத்தார்கள் என்று இங்கே ஒரு கதை சொல்வார்கள். 1837இல் பிரெய்ரி முழுவதும் பெரியம்மை வாரிக்கொண்டு போனது வரலாறு, பிழைத்த கதை கதையாகவே இருக்கட்டும். பிறகு ரயில் வந்தது, 1920களில் இது பெரிய உல்லாச ஊராகிவிட்டது. அந்தக் காலத்து மிச்சம் டான்ஸ்லேண்ட் என்ற நடன மண்டபம். 1928இல் கட்டியது. மேப்பிள் மரப்பலகைத் தளத்துக்கு அடியில் குதிரை முடியை அடைத்திருக்கிறார்கள், ஆடுகிறவர்களின் முழங்கால் நோகாமல் இருக்க. நானும் மனைவியும் போய் நின்று பார்த்தோம். நூறு பேர் ஒரே தாளத்தில் போல்கா ஆடும்போது சும்மா ஓரமாக நிற்பவன் காலுக்குக் கீழேயும் தரை இலேசாக ஏறி இறங்குகிறது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மையார் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆடத் தெரியாது என்பதெல்லாம் அங்கே செல்லாது. 1930களில் வந்த பொருளாதார மந்தமும் வறட்சியும் ஊரை இறக்கிவிட்டன, ஆனால் மண்டபம் நிற்கிறது, ஆட்டமும் நிற்கவில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம். ஏரிக்கரை வீடுகளில் நிறைய கோடைக்கென்றே கட்டியவை. மெல்லிய சுவர், தூண் மேல் நிற்கும் தரை, ஆழமில்லாத தண்ணீர்க் குழாய். விளம்பரத்தில் எல்லாவற்றையும் 'நான்கு பருவ வீடு' என்றுதான் போடுவார்கள். வார்த்தையை நம்பாமல், குளிர் உச்சத்தில் இருக்கும் ஒரு நாளில் போய்ப் பாருங்கள். கூரையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பக்கத்து வீட்டுக் கூரைகளில் பனி கனமாகக் கிடக்க, இந்த வீட்டுக் கூரை மட்டும் வெறுமையாக, ஓரத்தில் தடிதடியாகப் பனிக்கட்டி தொங்கினால், உள்ளே எரிக்கும் காசு கூரை வழியாகப் போகிறது என்று அர்த்தம். உள்ளே போனதும் வெளிச்சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் பக்கம் புறங்கையைக் கொண்டுபோங்கள், குளிர்காற்று படுகிறதா? கதவுக் கீலில் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கிறதா? சமையலறைத் தொட்டிக்குக் கீழே அலமாரியைத் திறந்து குழாயைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் குழாய் வெளிச்சுவரை ஒட்டிப் போகிறது என்றால் முதலில் உறைவது அதுதான்.

கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. தண்ணீர் வருடம் முழுவதும் வருமா, கோடைக்கு மட்டுமா? நிலத்தில் குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது? இந்த மாகாணத்தில் எட்டடிக்குக் கீழே போனால்தான் உறையாது என்பார்கள். கழிவுநீர் எங்கே போகிறது? தொட்டியில் சேர்கிறது என்றால் அதை எடுக்க லாரி வரும், அதற்கு ஒவ்வொரு தடவையும் காசு, பனியை வழித்து வழி விடவேண்டியது நீங்கள். கடைசி பன்னிரண்டு மாத மின்கட்டண, எரிவாயு ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

ஏரி மட்டத்தையும் விசாரியுங்கள். வடிகால் இல்லாத ஏரி, தொடர்ந்து சில வருடம் நல்ல மழை பெய்தால் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும், இறங்க அவசரப்படாது. அப்படி ஏறிய காலத்தில் கரையோரம் மண் அணை போட்டுச் சமாளித்தார்கள். கரையை ஒட்டிய மனைதான் அழகு, விலையும் அதற்குத்தான் அதிகம். நாங்கள் இரண்டு தெரு தள்ளி மேட்டில் எடுத்தோம். ஏரி தெரிய வாசல்படியில் நின்றால் போதும். வீட்டுக் காப்பீடு எடுக்கும்போது நிலத்து வழியாக வரும் வெள்ளம் அதில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள், கேட்காமல் அது பெரும்பாலும் சேர்வதில்லை. விறகு அடுப்பு இருந்தால் அதற்கு ஆய்வுச் சான்று கேட்பார்கள்.

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ டிசம்பரில் ஒரு மாதம் போகும் பழக்கம் உள்ளவர்களுக்கு முக்கியமான ஒன்று. குளிர்காலத்தில் வீடு ஆளில்லாமல் கிடக்கும்போது வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோய்க் குழாய் வெடித்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது, வீட்டை யார் வந்து பார்த்துக்கொண்டார்கள் என்று. எத்தனை நாளுக்கு ஒரு தடவை பார்க்கவேண்டும் என்பது உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் இருக்கும், படித்துப் பாருங்கள். நாங்கள் கிளம்பும்போது முதன்மைத் தண்ணீர் வால்வை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து வடித்துவிட்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கிறோம். சமையலறையில் ஒரு நோட்டும் பேனாவும். வந்து பார்ப்பவர் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் சிரித்தார், பிறகு தன் வீட்டுக்கும் அதே மாதிரி ஒரு நோட்டு வாங்கினார்.

காரைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. என்ஜின் உறையாமல் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் இல்லாத வண்டி வாங்காதீர்கள், ராத்திரி அதை மறக்காமல் கரண்டில் சொருகுங்கள். வண்டிக்குள் கம்பளி, மெழுகுவத்தி, தீப்பெட்டி, மண்வெட்டி, தின்ன ஏதாவது. கிளம்பும் முன் மாகாணத்தின் ஹைவே ஹாட்லைனில் சாலை நிலவரம் பாருங்கள். பனிக்காற்றில் வண்டி சிக்கினால் இறங்கி நடக்கக் கூடாது, உள்ளேயே இருக்கவேண்டும். வெட்டவெளியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிட்டு, கொஞ்ச நேரம் அணைத்து, காத்திருக்கவேண்டும். உறைந்த ஏரி மேல் நடக்கலாமா என்றும் கேட்கிறார்கள். மற்ற ஏரிகளில் மீன் பிடிப்பவர்கள் துளை போட்டுப் பனிக்கட்டியின் தடிமனை அளந்துகொண்டே இருப்பார்கள். இங்கே மீனும் இல்லை, அளப்பவரும் இல்லை. உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைப் போல உறுதியாக உறைவதும் இல்லை. நான் கால் வைப்பதில்லை.

டிசம்பரில் காலை 9 மணிக்குத்தான் விடியும், 5 மணிக்கு இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் உடம்பைவிட மனசுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி வெளியே போவதுதான். கர்லிங் என்ற பனித்தள விளையாட்டின் அரங்கம், நூலகம், இலையுதிர் காலத்தில் சர்ச் கூடங்களிலும் ஊர்க் கூடங்களிலும் நடக்கும் விருந்துகள். அந்த விருந்துகளுக்கு மதம் எல்லாம் கிடையாது, டிக்கெட் வாங்கினால் யாரும் போகலாம். வான்கோழி, உருளைக்கிழங்கு மசியல், உக்ரைனியக் குடும்பங்கள் செய்யும் கொழுக்கட்டை மாதிரியான பெரோகி, முட்டைகோஸ் சுருள், கடைசியில் மேசை நிறைய, மாவுக்குள் இனிப்பு வைத்துச் சுட்ட 'பை' வகைகள். சைவம் என்றால் பெரோகியும் பையும் பெரும்பாலும் தப்பாது, ஆனால் பெரோகி மேல் பன்றிக்கொழுப்பு போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாலையில் எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார். தெரிந்தவரா என்று யோசிக்கவேண்டாம், நீங்களும் தூக்குங்கள். நின்று பேசும்போது வானிலையில் ஆரம்பியுங்கள். விவசாயம் பார்க்கிறவர்களுக்கு அது வாய்ப்பேச்சு இல்லை, வருமானம்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் நிலத்தை மகனிடம் விட்டுவிட்டு ஏரிக்கரைக்கு வந்தவர். வருடக்கணக்கில் சிவப்பு மைசூர் பருப்பு விளைவித்தவர். கனடாவில் விளையும் மைசூர் பருப்பில் பெரும்பகுதி இந்த மாகாணத்தில்தான் விளைகிறது, கப்பலேறி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் துருக்கிக்கும் போகிறது. நாம் ஊரில் வாங்கிய பொட்டலத்தில் இந்தப் பக்கத்து மண்ணும் கொஞ்சம் இருந்திருக்கலாம். "நாங்கள் விற்றதுதான் உண்டு, தின்றதில்லை" என்றார். மனைவி மைசூர் பருப்பை மஞ்சளும் பூண்டும் போட்டுக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, கடுகும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொடுத்தாள். இலங்கைத் தோழி ஒருத்தியிடம் கற்றது. மனிதர் கிண்ணத்தைக் கையில் எடுத்துக் கிளறிப் பார்த்து, இதன் தோல் எங்கே போயிற்று, எந்த ஆலையில் உடைத்தது, ஏன் இவ்வளவு சீக்கிரம் வெந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் சாப்பிட ஆரம்பித்தார். மறுநாள் மகன் வயலிலிருந்து ஒரு வாளிப் பருப்பு வந்து இறங்கியது, தோலோடு. அது வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். இன்றும் தின்றுகொண்டிருக்கிறோம்.

மளிகைக்கு வாட்ரஸ் போதும். அரிசி, புளி, உளுந்து, கறிவேப்பிலைக்குச் சஸ்கடூன்தான். மாதம் ஒரு முறை போய்க் கறிவேப்பிலையை உருவி, ஈரம் போகத் துடைத்து, ஃப்ரீசரில் வைத்தால் தாளிப்புக்குப் போதும். தோசை மாவு ஜனவரியில் புளிக்காது. ஓவனைச் சூடேற்றாமல் அதன் உள்விளக்கை மட்டும் போட்டு அதற்குள் வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

காரில் ரேடியோ போட்டால் ஏஎம் 540இல் கனடாவின் பொது வானொலியான சிபிசி கேட்கும். அதன் ஒலிபரப்பு நிலையம் வாட்ரஸ் பக்கத்திலேயே இருக்கிறது. 1939இல் 50,000 வாட் சக்தியோடு தொடங்கியது. இந்த இடத்தைப் பிடித்ததற்குக் காரணமும் உப்புதான். இந்தப் பகுதி மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது, மத்திய அலை தரையை ஒட்டி வெகுதூரம் போகிறது. புயல் நாளில் மொபைல் சிக்னல் போய்விட்டாலும் இது கேட்க வாய்ப்பு உண்டு, வண்டியில் ஏஎம் அலைவரிசை வேலை செய்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

வெறுமனே ஊரைப் பார்த்துவிட்டுப் போக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் மாதம் செப்டம்பர் கடைசி. ஏரியில் இறங்க முடியாது, ஆனால் கூட்டம் இருக்காது, கொசு இருக்காது, தங்கும் அறை மலிவு. தெற்கே லாஸ்ட் மவுண்டன் ஏரியின் வடக்கு முனையில் ஒரு பறவைச் சரணாலயம் இருக்கிறது. 1887இல் ஒதுக்கியது, வட அமெரிக்காவிலேயே பழையது. தெற்கு நோக்கிப் போகும் சாம்பல் கொக்குகள் அங்கே ஆயிரக்கணக்கில் இறங்கும். விடியலுக்கு முன்னால் போய்விடவேண்டும், வெயில் ஏறினால் இரை தேடி வயல்களுக்குப் போய்விடும். சுற்றிலும் வாத்து வேட்டைக் காலமும் அதுதான், அதனால் தனியார் வயலுக்குள் கேட்காமல் இறங்காதீர்கள், பளிச்சென்ற நிறத்தில் ஒரு மேல்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் கிரிட் ரோடு எனப்படும் சரளைச் சாலைகள் சேறாகிவிடும், தார்ச்சாலையிலேயே போங்கள். வழியில் பெட்ரோல் கிடைக்கும் என்று இருந்துவிடாமல் வாட்ரஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.